சிம்மில் வையுங்க மக்கா

இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா என்று குளிர் தேசங்களில் வீடு பிடித்துக் குடியிருக்கும் கூடங்குளம், இடிந்தகரை, செட்டிகுளம், ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும்,

   நம் ஊரில் மார்கழிக் குளிர் என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. உங்கள் குளிர் எப்படிப்பட்டது என்று போன வருஷம்தான் கண்ணால் பார்த்தேன். இங்கிலாந்தின் லீட்ஸில் நர்ஸாக இருக்கும் மகள் வீட்டில் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அதை எழுதவே இந்த மடல்.

முதல் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுக்களை அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம். ஃபேன் சுழலும் ‘உம்’, ஒரு பொறி தட்டும் ‘டிக் டிக்’, தீ பற்றும் ‘புஸ்’. இரண்டு நிமிஷம் எரியும். பிறகு அடங்கும். மூன்று நிமிஷம் கழித்து மறுபடியும் ‘உம்’. முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் ஷிப்ட் பார்த்தவனுக்கு உடம்பு தூங்கினாலும் காது தூங்காது. எழுந்து போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை. மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “அப்பா, இங்க வந்தும் ஷிப்ட்டு பாக்கியளா?” என்றாள்.

இதில் பாய்லர் என்ற பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பாய்லர் என்றால் டீக்கடைப் பாய்லர், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் வெந்நீர் போடும் செம்புப் பாய்லர், அதுவும் இல்லாவிட்டால் அரிசி ஆலைப் பாய்லர். மூன்றிலும் தண்ணீர் கொதிக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற பெட்டியில் தண்ணீர் கொதிப்பதே இல்லை, கொதிக்கவும் கூடாது. தண்ணீரைச் சூடாக்கி, ரேடியேட்டர்களுக்கு அனுப்பி, ஆறி வருவதைத் திரும்ப வாங்கிச் சூடாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது என்பதற்கு எனக்கு முதலில் நினைவு வந்தது எங்கள் அம்மா. பனையேற்றக் காலத்தில் விடிலிக் குடிசைக்குள் தாச்சிச் சட்டியை ஏற்றிப் பதநீர் காய்ச்சுவாள். தொடக்கத்தில் உடைமுள்ளும் காய்ந்த மட்டையுமாகத் திணித்துத் தீ கனகனவென்று எரியும். பொங்கி வழியப் பார்த்தால் நசுக்கின ஆமணக்கு முத்து ஒன்றைப் போடுவாள். கூப்பனிப் பாகாகத் திரளத் தொடங்கியதும் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுப்பாள். கடைசி அரை மணி நேரம் வெறும் தணல்தான். “தீய இழுல, அடிபிடிச்சிரும்” என்று என்னை விரட்டுவாள். அடுப்பை அணைத்துப் பற்றவைத்து, அணைத்துப் பற்றவைத்து அவள் ஒருநாளும் கருப்பட்டி காய்ச்சியதில்லை. இன்றைக்குக் கேஸ் அடுப்பில் “சிம்மில் வை” என்கிறோமே, அந்த வேலையை அவள் மட்டையை இழுத்துச் செய்தாள்.

உங்கள் பாய்லருக்கும் அந்தக் கை உண்டு. அதற்குள் இருக்கும் ஃபேன்தான் கை. ஃபேன் வேகமாகச் சுழன்றால் காற்று அதிகம் உள்ளே போகும். அந்தக் காற்றின் இழுப்புக்கு ஏற்றபடி கேஸ் வால்வு தானே திறந்து அதற்கு உண்டான கேஸை மட்டும் விடும். ஃபேன் மெதுவானால் காற்றும் குறையும், கேஸும் குறையும், தீயும் சிறுக்கும். வெளியே போகும் தண்ணீரின் சூட்டை ஒரு உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் 55 டிகிரியில் போக வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என்றால், 50ஐத் தாண்டியதுமே ஃபேன் தணியத் தொடங்கும். பாய்லர்காரர்கள் இதற்கு ‘மாடுலேஷன்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது.

ஆனால் எந்த அடுப்பிலும் சிம்முக்கு ஒரு அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே திருகினால் தீ அணைந்துவிடும். மகள் வீட்டுக் கோளாறு அங்கேதான் இருந்தது. கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், சலித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பெட்டி 30 கிலோவாட். அவ்வளவு எதற்கு? வீட்டைச் சூடாக்க இல்லை, குளிக்க. பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரியில் வருகிறது. அதை 40 டிகிரி ஆக்கி நிமிஷத்துக்கு 12 லிட்டர் ஷவரில் விட வேண்டுமானால் கிட்டத்தட்ட 30 கிலோவாட் வேண்டும். தொட்டி வைக்காமல் ஓடுகிற ஓட்டத்திலேயே தண்ணீரைச் சூடாக்கும் ‘காம்பி’ பாய்லருக்கு அது கட்டாயம். வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நான் போட்ட கணக்கில் அந்த வீடு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 250 வாட் சூட்டை வெளியே விடுகிறது. உள்ளே 20, வெளியே 0 என்றால் 5 கிலோவாட். வெளியே 10 என்றால் இரண்டரை. அந்தப் பாய்லர் தணிந்து எரியக்கூடிய கடைசி அளவு 5 கிலோவாட். ஆறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே அதற்குச் சிம் கிடையாது.

இப்போது மகள் செய்த சிக்கனத்தைக் கேளுங்கள். யாரும் படுக்காத அறைகளுக்கு எதற்குச் சூடு என்று எல்லா ரேடியேட்டர் குமிழையும் மூடிவிட்டு, இரண்டே இரண்டைத் திறந்து வைத்திருந்தாள். நம் வளர்ப்பு அப்படி, ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் ஏசுவோம். அந்த இரண்டும் சேர்ந்து 2 கிலோவாட் வாங்கினால் அதிகம். பாய்லரோ 5க்குக் குறைந்து எரியத் தெரியாதது. மிச்சம் 3 எங்கே போகும்? குழாய்த் தண்ணீர் மடமடவென்று சூடேறும், குறித்த அளவைத் தாண்டும், பாய்லர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சில நிமிஷம் காத்திருந்து மறுபடி பற்றவைக்கும். ஒவ்வொரு தடவையும் பற்றவைப்பதற்கு முன்னால் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் வெளியே தள்ளும், அதோடு கொஞ்சம் சூடும் சேர்ந்து போகும். பதினொரு கோட்டுக்குக் காரணம் அதுதான்.

மூடின குமிழ்களில் மூன்றைப் பாதி திறக்கச் சொன்னேன். “கேஸ் பில்லு கூடிரும்லா” என்றாள். ஒரு வாரம் பார்ப்போம் என்றேன்.

“அப்போ சுவத்துல இருக்க தெர்மோஸ்டாட் என்னத்துக்கு மாமா?” என்று மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. பலபேர் அந்தச் சின்னப் பெட்டிதான் தீயைக் கூட்டிக் குறைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் வீட்டில் இருந்தது இரண்டு கம்பி தெர்மோஸ்டாட். அதற்குத் தெரிந்தது இரண்டே சொல், வேணும், வேண்டாம். எவ்வளவு வேணும் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் ‘டிக்’கும் இதன் பாட்டன் வழிதான். சூட்டில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகத் தகட்டைச் சேர்த்து ஒட்டினால், சூடேறும்போது தகடு ஒரு பக்கமாக வளையும், மின் தொடர்பைப் பிரித்துவிடும். இப்படித் தகடு வளைவதை வைத்துச் சூட்டை ஆளும் கருவிக்கு ஸ்காட்லாந்து வேதியியலார் ஆண்ட்ரூ யூர் 1830லேயே காப்புரிமை வாங்கினார். தெர்மோஸ்டாட் என்ற பேரும் அவர் வைத்ததே. இரண்டு நூற்றாண்டாகப் போகிறது, இன்னும் பல வீடுகளில் அந்தத் தூதுவன் ஆமாம், இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு மூடநம்பிக்கை உடைந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் நடுங்கிக்கொண்டு தெர்மோஸ்டாட்டை 30க்குத் திருகுகிறீர்களே, அதனால் வீடு சீக்கிரம் சூடாகாது. 20ல் வைத்தாலும் ‘வேணும்’ என்ற அதே ஒரு சொல்தான் போகிறது. 30ல் வைத்தால் நிறுத்தச் சொல்ல மறக்கும், அவ்வளவே. இங்கே நம் ஆட்கள் சித்திரை வெயிலில் ஏசியை 16ல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவதும் இதே கதைதான். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏசிகள் முதலில் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று அரசு விதி போட்டது. விதி போட்டு என்ன, ரிமோட் நம் கையில்.

தூதுவனுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்த ஊர்களும் உண்டு. ஹாலந்துப் பக்கம் 1990களிலேயே ‘ஓப்பன்தெர்ம்’ என்றொரு பொது மொழியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மொழி தெரிந்த தெர்மோஸ்டாட், அறை கிட்டத்தட்ட சூடாகிவிட்டது, தண்ணீர் 43 டிகிரி போதும் என்று எண்ணாகவே பாய்லருக்குச் சொல்லும். ஜெர்மனியில் வேறு வழி. வீட்டின் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில் ஒரு உணரியை மாட்டி விடுவார்கள். வெளியே குளிர் கூடக்கூடத் தண்ணீரின் சூடு தானே ஏறும், குளிர் விட்டால் தானே இறங்கும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து புதிதாக மாட்டும் கேஸ் காம்பி பாய்லரோடு இந்த மாதிரிக் கூடுதல் ஏற்பாடு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பட்டியலில் நாலு வழி, அதில் விலை குறைந்ததைத்தான் ஆட்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள் என்று நினைக்கிறேன். மகள் வீட்டுப் பாய்லர் அதற்கு முந்தியது.

இப்போது பணம் இருக்கிற இடத்துக்கு வருகிறேன். பாய்லர் முகப்பில் இரண்டு குமிழ் இருக்கும். ஒன்றில் குழாய்ப் படம், அது குளிக்கிற தண்ணீருக்கு. இன்னொன்றில் ரேடியேட்டர் படம். மாட்டிவிட்டுப் போனவர்கள் அதை 75லோ 80லோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், நீங்களும் அன்றைக்கிலிருந்து தொட்டிருக்க மாட்டீர்கள். மகள் வீட்டில் 75. அந்த ஒரு குமிழில்தான் காசு இருக்கிறது.

கேஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேலேயே நீராவி. அந்த ஆவி புகைக்குழாய் வழியே போய்விட்டால் அதோடு பத்தில் ஒரு பங்கு சூடும் போய்விடும். ஆவியைப் பாய்லருக்குள்ளேயே தண்ணீராகக் குளிர வைத்தால் அந்தச் சூடு உங்களுக்கு. அதற்காகத்தான் இங்கிலாந்தில் 2005 முதல் ‘கண்டென்சிங்’ வகைப் பாய்லரைத்தான் மாட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஆனால் ஆவி தண்ணீராக வேண்டுமென்றால் அது தொடுகிற உலோகம் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீரே 60, 65 டிகிரியில் வந்தால் ஆவி எங்கே குளிரும்? இட்லிக் கொப்பரையின் மூடியில் நீர் கோக்கிறதே, மூடி குளிர்ச்சியாக இருப்பதால்தானே? பேர் கண்டென்சிங், விலையும் அதற்கு உண்டான விலை, வேலை மட்டும் பழைய பாய்லர் வேலை.

குமிழை 55க்கு இறக்கினேன். மருமகன், “மாமா, அதத் தொட்டா வாரண்டி போயிரும்பாங்க” என்றார். முகப்புக் குமிழ் வீட்டுக்காரர் திருகத்தான் இருக்கிறது, மூடியைக் கழற்றினால்தான் குற்றம். அங்கே ‘கேஸ் சேஃப்’ பதிவு உள்ள ஆள் தவிர வேறு யாரும் பாய்லரின் கேஸ் பக்கம் கைவைக்கக் கூடாது. நானும் வைக்கவில்லை, சான்றிதழ் வாங்கின பாய்லர்காரன் என்றாலும்.

உடனே இன்னொரு புகார் வந்தது. ரேடியேட்டர் தொட்டால் வெதுவெதுவென்றுதான் இருக்கிறது, வீடு சூடாக இரண்டு மணி நேரம் ஆகிறது. உண்மைதான். 75ல் 10 கிலோவாட் கொடுக்கும் ரேடியேட்டர்கள் 55ல் கிட்டத்தட்டப் பாதிதான் கொடுக்கும், 5 கிலோவாட். ஆனால் அது என்ன எண் என்று பாருங்கள். பாய்லரின் சிம்மும் 5. வெளியே 0 டிகிரி இருக்கும் நாளில் அந்த வீட்டுக்கு வேண்டியதும் 5. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டது. பாய்லர் பற்றினால் சிம்மில் நெடுநேரம் எரிந்தது. அன்றைக்கு ராத்திரி மறுபடி எண்ணினேன். மணிக்கு இரண்டு கோடு. வெளிக்குழாயிலிருந்து சாக்கடைக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அந்தச் சொட்டுச் சத்தம்தான் எனக்குக் காசு விழும் சத்தம்.

பனி உறைந்த இரண்டு நாள் 55 போதவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து கார் கண்ணாடியைப் பார்ப்பேன். வெள்ளையாக உறைந்திருந்தால் 62. இல்லாவிட்டால் 55. வடக்குச் சுவரில் ஜெர்மன்காரர் மாட்டுகிற உணரியின் வேலையை இரண்டு மாதம் நானே பார்த்தேன். சம்பளம் ஒரு கப் டீ.

வேலைக்குப் போகும்போது முழுக்க அணைத்துவிட்டு வந்து போடுகிறவர்களுக்கு இந்த முறை கொஞ்சம் கஷ்டம். மெதுவாகச் சூடாகும் வீட்டை முன்கூட்டியே தொடங்க வேண்டும். முழுக்க அணைக்காமல் இரண்டு மூன்று டிகிரி மட்டும் இறக்கி வைத்துப் பாருங்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். சுவரில் சூடு காக்கும் பஞ்சு இல்லாத பழைய கல் வீடு வேறு, புது வீடு வேறு. ஒன்றே ஒன்று மட்டும் கண்டிப்பு. உங்கள் வீட்டில் காம்பி இல்லாமல் வெந்நீர்த் தொட்டி இருந்தால் தொட்டித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள், லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த மாதிரி வீடுகளில் பாய்லர் தண்ணீர் 65, 70 இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி சூடாகாது.

கனடாவில் இருப்பவர்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்திருப்பீர்கள். உங்களில் பலர் வீட்டில் தண்ணீரே கிடையாது, நிலவறையில் ஃபர்னஸ் எரிந்து சூடான காற்று தரை ஓட்டை வழியாக வரும். பாடம் அதேதான். இரண்டு நிலையில் எரியும் ஃபர்னஸை வாங்கிவிட்டு ஒரே நிலைக்கு மட்டும் கம்பி இணைத்த தெர்மோஸ்டாட்டை மாட்டியிருந்தால், கேஸ் அடுப்பை வாங்கிச் சிம் குமிழைப் பிடுங்கிப் போட்ட மாதிரி. சுவர்ப் பெட்டியில் W1, W2 இரண்டுக்கும் கம்பி வந்திருக்கிறதா என்று ஆள் வரும்போது கேளுங்கள்.

கூடங்குளத்தில் இருந்துகொண்டு சூட்டைப் பற்றிப் பேசிவிட்டு நம் ஊர் அணு உலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? அது வரலாமா வேண்டாமா என்று 2011லும் 2012லும் நம் கடற்கரை எப்படி நின்றது என்று உங்களுக்குத் தெரியும். இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளும் உங்களில் உண்டு, உள்ளே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பேச்சை இந்த மடலில் எடுக்கவில்லை. சூட்டை மட்டும் பார்ப்போம். 2013 ஜூலை 13ஆம் தேதி முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. ஒரு உலை 3000 மெகாவாட் சூடு, அதில் 1000 மெகாவாட் மின்சாரம், மிச்சம் கடலுக்கு. உலைக்குள் தண்ணீர் 291 டிகிரியில் நுழைந்து 321 டிகிரியில் வெளியேறும். ஆனாலும் கொதிக்காது, ஏனென்றால் 150 மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில் அமுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் சுவர்ப் பெட்டியைப் போலவே கொதிக்காத பாய்லர். ஆவி உண்டாவது அடுத்த சுற்றில், நாலு நீராவிக் கலன்களில்.

அதற்கும் தெர்மோஸ்டாட் உண்டு, அது தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. டர்பைன் அதிக ஆவியை இழுத்தால் திரும்பி வரும் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்து வரும். குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், நியூட்ரான்களை நன்றாக மட்டுப்படுத்தும், பிளவு கூடும், சூடு கூடும். தண்ணீர் சூடேறினால் இதுவே தலைகீழ். இரண்டு கம்பியும் இல்லை, தூதுவனும் இல்லை. அதற்கு மேல் கட்டுப்பாட்டுக் கோல்கள், தண்ணீரில் கரைத்த போரிக் அமிலம். இவ்வளவு கையும் இருந்தும் அந்த உலையை நம்மவர்கள் சிம்மில் வைப்பது அபூர்வம். முழுத் தீயில் ஓட்டுவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும். ஆடிக் காற்றில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகள் ஏறி இறங்குகிற ஏற்றத்தாழ்வை எல்லாம் வேறு நிலையங்கள் தணிந்தும் கூடியும் ஈடுகட்ட வேண்டும்.

இதே ரகத்தின் மூத்த உலை ரஷ்யாவின் நோவோவோரோனெஷில் 1980ல் ஓடத் தொடங்கியது. அந்த நிலையத்தின் சூட்டில்தான் பக்கத்து ஊரின் வீடுகள் குளிர் காய்கின்றன. உலை ஊழியர்கள் குடியிருக்கும் அணுவிஜய் நகர்ப் பக்கம் காய்கறி வாங்க வந்த ரஷ்யர் ஒருவரிடம், உங்கள் ஊர் வீடுகளில் சூட்டை எப்படிக் குறைப்பீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். அரைகுறை இங்கிலீஷில் இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். பழைய அடுக்குமாடியில் ரேடியேட்டருக்குக் குமிழே கிடையாதாம். ஊருக்கே ஒரு பாய்லர், அது அனுப்புகிற சூடு வந்தே தீரும். தாங்காவிட்டால் ஜன்னலைத் திறப்போம் என்று கையை விரித்துக் காட்டினார். அங்கே வெளியே மைனஸ் 20 டிகிரி.

உங்களிடம் கேட்பது இதுதான். வருகிற ஜனவரியில் ஒருநாள் ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, பாய்லர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடு போடுங்கள். வெளியே எத்தனை டிகிரி, ரேடியேட்டர் எத்தனை திறந்திருக்கிறது, முகப்புக் குமிழ் எதில் இருக்கிறது, மூன்றையும் குறியுங்கள். அடுத்த நாள் குமிழை 60க்கு இறக்கி, மூடின அறைகளைப் பாதி திறந்து, மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நான் பார்த்துக்கொள்வேன். பத்துக்கு மேல் வந்தவர்கள் பாய்லரின் மாடல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், அதன் சிம் எத்தனை கிலோவாட் என்று தேடிச் சொல்கிறேன். எனக்கு இப்போது ஷிப்ட் ஏதும் இல்லை.

அன்புடன்,
கூடங்குளத்திலிருந்து ஒரு பழைய பாய்லர்காரன்